நயினாதீவும் நாமும்



பௌர்ணமி நாளொன்றில் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் படகேறும் சனங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடுத்து, கையில் தாமரை மொட்டுகளோடு தென்னிலங்கையிலிருந்து பஸ்களில் வந்திறங்கிய சிங்களக் குடும்பங்கள் ஒரு புறம். நேர்த்திக்கடன் தீர்க்க அர்ச்சனைப் பொருட்களோடு வந்த நம்மூர்ச் சைவக் குடும்பங்கள் மறு புறம். கடல் ஒன்றுதான். தீவை அடைந்ததும் இறங்குதுறைகள் இரண்டு. ஒன்று நாகதீப விகாரைக்கு, மற்றது நாகபூஷணி அம்மன் கோவிலுக்கு. சிங்கள மக்கள் அந்தத் தீவை நாகதீப என்கிறார்கள், நாம் நயினாதீவு என்கிறோம். பெயர்ப் பலகையில் எதை முதலில் எழுதுவது என்பதே சச்சரவுக்குப் போதுமான காரணமாயிருக்கிறது.

உங்களோடு வந்த பிள்ளை, "அப்பா, இந்தத் தீவு ஆருடையது?" என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வீர்கள்? "நமக்கென்ன, அது சைவருக்கும் புத்த சமயத்தாருக்கும் உள்ள வழக்கு" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடலாம். அப்படித் தட்டிக் கழிக்க நமக்கு இடமில்லை என்பதைக் காட்டுவதே இன்றைய பாடம்.

முதலில் அந்தத் தீவைப்பற்றிய பழங்கதைகளைக் கேட்போம்.

மகாவம்சத்தின் முதல் அதிகாரத்தில், புத்தர் இரண்டாம் முறையாக இலங்கைக்கு வந்த கதை சொல்லப்படுகிறது. மகோதரன், சூளோதரன் என இரு நாக அரசர்கள். முன்னவன் மாமன், பின்னவன் மருமகன். இரத்தினங்கள் இழைத்த ஓர் ஆசனத்துக்காக இருவரும் படை திரட்டிப் போருக்கு நின்றார்கள். அந்த ஆசனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சூளோதரனின் தாய்க்கு அவள் தகப்பன் கொடுத்தது. தாயின் சகோதரனுக்கும் அவள் மகனுக்குமிடையே வழக்கு. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் சீதனக் காணி வழக்குகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கதையில் புதுமை ஒன்றும் இராது! போர்க்களத்துக்கு மேலே புத்தர் தோன்றி இருளை வரச் செய்தார், பின்பு ஒளியைக் காட்டி அமைதியைப் போதித்தார். மனம் மாறிய இருவரும் ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவரோ அதைத் தம்மோடு எடுத்துச் செல்லவில்லை. நாகர் எல்லாரும் வணங்குவதற்கென்று அங்கேயே விட்டுச் சென்றார் என்பது கதை.

இது சிங்கள மக்களின் கதை மட்டுமன்று. நமது ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான மணிமேகலையிலும் மணிபல்லவம் என்னும் தீவில் ஒரு புத்த பீடிகை வருகிறது. அங்கும் இரு நாக அரசர் அதற்காகப் போர் புரிகிறார்கள். சாத்தனார் அதில் ஒரு நுட்பம் சேர்க்கிறார். இருவராலும் அந்தப் பீடிகையைத் தூக்கிக்கொண்டு போகவும் இயலவில்லை, அதன்மேல் வைத்த ஆசையை விடவும் இயலவில்லை. இந்த இரண்டு சொற்களுக்குள், சமயத்தின் பேரால் உலகெங்கும் நடக்கும் இட வழக்குகளெல்லாம் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாகதீபம் என்ற பெயர் பழங்காலத்தில் குடாநாடு முழுவதையுமே குறித்தது என்பாரும் உளர். அந்த ஆராய்ச்சி நமது பாடத்துக்கு வேண்டியதில்லை.

இனி அம்மன் கோவிலின் தலக்கதை. நாகமொன்று நாள்தோறும் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்து அம்மனை வழிபட்டது. ஒரு நாள் கருடன் அதைக் கொல்ல வந்தது. நாகம் நடுக்கடலில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் எதிரே இன்னொரு கல்லில் அமர்ந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் இரண்டுக்கும் நடுவே புகுந்து, நாகத்தை விட்டுவிடும்படி கருடனை வேண்டினான். அம்மனுக்குக் கோவில் கட்டிக் கொடுப்பதானால் விடுவேன் என்றது கருடன். வணிகன் தன் செல்வத்தைக் கொடுத்துக் கோவில் கட்டினான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று அந்த இரு கற்களையும் தீவார் இன்றும் காட்டுகிறார்கள்.

வாசகரே, இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விகாரையின் கதையும் பகை தீர்ந்த கதை, கோவிலின் கதையும் பகை தீர்ந்த கதை. ஒன்றில் இருவர் தமக்குரியது என்று பிடித்திருந்ததை விட்டுக்கொடுத்தார்கள். மற்றதில் சண்டையில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவன் தன் கைப்பொருளைக் கொடுத்தான். இந்தக் கதைகளைத் தாங்கிய ஒரு தீவைப்பற்றித்தான் "எமது", "உமது" என்று வாக்குவாதம் நடக்கிறது.

கதை போகட்டும், வரலாறு என்ன சொல்கிறது? பொலன்னறுவையிலிருந்து 12 ஆம் நூற்றாண்டில் ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு, பௌத்த அரசன். அவன் பொறிப்பித்த கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. அதன் மொழி தமிழ். இருக்குமிடம் அம்மன் கோவில். ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்பதும், யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற் பங்கு மட்டுமே அரசனுக்கு, முக்காற் பங்கு கப்பலுக்குரியவனுக்கு என்பதும் அதிலுள்ள ஏற்பாடுகள். பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து 1963 இல் வெளியிட்டார். சிங்கள அரசன், தமிழ் எழுத்து, சைவக் கோவில், வணிகருக்கு நீதி. எந்தக் கட்சிக்காரர் இதைத் தனியே தம் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட முடியும்?

வல்லிபுரத்துக்குப் போவோம். ஆழ்வார் கோவில் இருக்கும் அந்த மணற்காட்டில் 1936 இல் ஒரு பொற்தகடு கிடைத்தது. வசப மன்னன் காலத்தில், நாகதீவை ஒரு மந்திரி நிருவகித்த நாளில், அங்கே ஒரு விகாரை கட்டப்பட்ட செய்தி அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. அதே வல்லிபுரத்தில் அதற்கு முன் கிடைத்த புத்தர் சிலையை 1906 இல் ஆங்கிலத் தேசாதிபதி சீயம் நாட்டு அரசனுக்குக் கொடுத்துவிட்டார். கந்தரோடையில் சிறு தூபிகளின் கூட்டம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ் 1917 ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கே தோண்டி ஆராய்ந்தார். ஆகவே குடாநாட்டில் புத்த சமயம் ஒரு காலத்தில் தழைத்திருந்தது என்பதை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். அந்தப் புத்த சமயத்தார் எல்லாரும் சிங்களவர் என்பதும் அதே அளவு பிழை. மணிமேகலையைத் தமிழில் பாடியவர் யார்? காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் விகாரைகளை நிறைத்தவர் யார்? தமிழரில் பௌத்தர் இருந்தனர். பின்னர் சைவராயினர், வேறு சிலர் கிறிஸ்தவராயினர். நம் முன்னோரில் சிலர் ஒருவேளை அந்தத் தூபிகளுக்குப் பூ வைத்தவர்களாகவே இருக்கலாம்.

இங்கேதான் வாசகர் நின்று கவனிக்க வேண்டும். "ஆருடையது?" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அங்கே வணங்குகிறவர் யார் என்பது ஒன்று. அங்கே முன்பு என்ன இருந்தது என்பது ஒன்று. காணி உறுதி யார் பெயரில் என்பது இன்னொன்று. முதற் கேள்விக்குப் பலர் சேர்ந்து மறுமொழியாகலாம், அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. இரண்டாவதற்கு மறுமொழி சொல்வது அறிஞர் வேலை, அந்த மறுமொழி எல்லாருக்கும் பொதுச் சொத்து. மூன்றாவது நீதியின் காரியம். இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த மறுமொழியை எடுத்துக்கொண்டு மூன்றாவதைத் தீர்க்கப் புறப்படும்போதுதான் வினை வருகிறது. "இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே எங்கள் தூபி இருந்தது, ஆகவே இன்று உன் வளவு எனக்கு" என்பதை எந்த நொத்தாரிசு ஒப்புவார்? வேலிக் கதியாலை இரவோடிரவாக ஒரு முழம் தள்ளி நடுகிறவனுக்கும் ஒரு பழங்கதை கையில் இருக்கத்தான் செய்யும்.

அந்த வினையை நாம் கண்ணாலே கண்டோம். 1958 ஆம் ஆண்டு தெற்கிலே தமிழர் தாக்கப்பட்டபோது, அதற்குப் பழி என்று நயினாதீவு விகாரை தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் தமிழர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொழும்பில் தமிழனை வெட்டியவனுக்கும் நயினாதீவில் இருந்த புத்தர் சிலைக்கும் என்ன சம்பந்தம்? 1986 மார்ச்சில் ஆயுதப் படையினர் அம்மன் கோவிலைத் தாக்கினர். போராளிகளுக்கும் நாகபூஷணி அம்மனுக்கும்தான் என்ன சம்பந்தம்? இரு முறையும் அடி விழுந்தது வணங்குமிடத்தின்மேல்.

2009 இல் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து யாத்திரிகர் பெருந்தொகையாய் வருகிறார்கள். யாத்திரிகர் வருவதை யாரும் குறைகூற நியாயமில்லை. முப்பது ஆண்டு கனவிலே வைத்திருந்த தலத்தை ஒரு வயோதிப மாது கண்டு கும்பிடுகிறாள் என்றால் அவளோடு சேர்ந்து நாமும் மகிழலாம். ஆனால் தையிட்டியில் நடந்தது வேறு. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் உடுத்த உடையோடு எழும்பிப் போனார்கள். அவர்கள் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. உரியவர்கள் உள்ளே கால் வைக்க முடியாதிருந்த அந்த நிலத்தில் திஸ்ஸ விகாரை எழுந்தது. 2023 முதல் போயா நாட்களில் காணிக்காரரும் ஆதரவாளரும் அங்கே கூடி நின்று எதிர்ப்புத் தெரிவித்து வந்திருக்கிறார்கள். கையிலே உறுதி வைத்திருப்பவனைப் பார்த்து, "நீ புத்தருக்கு விரோதி" என்று சொல்வது அநியாயம். அவன் கேட்பது தன் காணியை. அதுபோல, அந்த அநியாயத்தைக் காட்டி, விகாரைக்கு வந்து மலர் வைக்கும் ஏழைச் சிங்களத் தாயை வெறுக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அநியாயமே. நயினாதீவையும் தையிட்டியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலாவதில் இரு வழிபாடுகள் அருகருகே இருக்கின்றன. இரண்டாவதில் வழிபாட்டின் பேரால் காணி போயிருக்கிறது.

இனி நமது பக்கத்தைப் பார்ப்போம். நாகபூஷணி அம்மன் கோவில் ஒரு முறை அடியோடு இடிக்கப்பட்டது. காலம் 1620 ஆம் ஆண்டளவு. இடித்தவர்கள் போர்த்துக்கேயர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பிலிப்பு தே ஒலிவேறா, அடுத்து வந்த ஆண்டுகளில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலையும் தகர்த்தான். அந்தப் படையின் கொடியில் சிலுவை இருந்தது. அம்மனின் திருவுருவத்தை மறைத்து வைத்துக் காத்தார்கள் என்பது தீவாரின் மரபு. 1788 இல்தான் கோவில் மறுபடி கட்டப்பட்டது. ஏறக்குறைய 170 ஆண்டு! நயினாதீவு வழக்கு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று இனியும் சொல்லலாமா?

"அது பறங்கியர் செய்தது, நாமல்லவே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் 1658 இல் ஒல்லாந்தர் வந்தபின் நமக்கு நேர்ந்ததை மட்டும் நாம் மறப்பதில்லை. நம் கோவில்களை அவர்கள் பறித்துத் தங்கள் சபைக்கு ஆக்கினார்கள், பூசையைத் தடுத்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அதுவே இன்றைய மடுத் திருப்பதி. 1687 இல் சுவாமி யோசேவ் வாஸ் கோவையிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்தார், சில்லாலையில் மறைந்திருந்து மந்தையைக் காத்தார். 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார், அன்றே மடுவுக்கும் சென்றார். சுரூபத்தை ஒளித்துக் காத்த நம் முன்னோரின் விசுவாசத்தை ஆண்டுதோறும் பிரசங்கங்களில் கேட்கிறோம். அம்மனை ஒளித்துக் காத்த நயினாதீவாரின் நெஞ்சிலும் அதே துடிப்புத்தான் இருந்திருக்கும் என்று எந்தப் பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா?

மடுவை யாருடையது என்று கேட்டவர்களும் உண்டு. அது முன்பு பத்தினித் தெய்வத்தின் இடம் என்று தெற்கிலே சிலர் வாதித்தார்கள். சிங்களக் கத்தோலிக்கரும், சைவரும், பௌத்தரும் அங்கே வருகிறார்கள் என்பது நாமறிந்ததே. பௌத்தப் பெண்ணொருத்தி மாதாவின் முன் நின்று பத்தினியை நினைத்தால் மாதாவுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் "ஆகவே இந்த இடம் எங்களுக்கு" என்று ஒருவர் எழுதினால் நம் இரத்தம் கொதிக்கும். 1999 நவம்பரில் அடைக்கலம் தேடி வந்தவர்கள் மீது கோவில் வளாகத்திலேயே எறிகணை விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் திருச்சுரூபமே மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போயிற்று. இவ்வளவு பட்ட நமக்கு, பிறருடைய தலத்தின் நோவு எளிதில் விளங்க வேண்டும்.

விளங்கியதா? 2019 மார்ச் 3 ஆம் திகதி, மகா சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் மாந்தைச் சந்தியில் நாட்டியிருந்த அலங்கார வளைவைப் பிடுங்கி எறிந்தவர்கள் நம்மவர்கள். காணியைப்பற்றியும் அனுமதியைப்பற்றியும் வாதம் இருந்தது என்பது சரி. அது மூன்றாவது கேள்வி, அதைத் தீர்க்கக் கந்தோர் உண்டு, கோடு உண்டு. மற்றவன் பண்டிகைக்கு முதல் நாள் அவன் கொடியை நிலத்தில் தள்ளுவதற்கு எந்த உறுதியிலும் இடம் எழுதியில்லை. திருக்கேதீச்சரமும் போர்த்துக்கேயர் இடித்த கோவில்களில் ஒன்று என்பதை நினைத்தால், சைவ மக்களின் மனம் அன்று எவ்வளவு பின்னோக்கி ஓடியிருக்கும்! அதே தமிழர், அதே போரில் அகப்பட்டு, அதே முகாமில் ஒரே பானைக் கஞ்சி குடித்தவர்கள்.

வேதாகமத்தில் இந்த வழக்கு ஆண்டவர் முன்னாலேயே வருகிறது. சமாரியப் பெண், யாக்கோபின் கிணற்றடியில் அவரைக் கண்டபோது, தன் சொந்த வாழ்வைப்பற்றிய பேச்சு எழுந்தவுடன் கோவில் வழக்கைக் கிளப்புகிறாள்: எங்கள் மூதாதையர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்கள் எருசலேம் என்கிறீர்களே என்று. அது வெறும் பேச்சன்று. கெரிசீம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தை யூத அதிபனான யோவான் இர்க்கானு கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னே இடித்திருந்தான். அந்த இடிபாடு அவள் கண்முன்னே நின்றது. ஆண்டவர் வரலாற்றை மழுப்பவில்லை, மீட்பு யூதரிடமிருந்து வருகிறது என்று சொல்லியே வைத்தார். ஆனால் தந்தையைத் தொழும் நேரம் இந்த மலைக்கும் எருசலேமுக்கும் அப்பாற்பட்டது என்றார். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: இதைச் சொல்வதற்கு முன் அவளிடம் தண்ணீர் கேட்டார். இடித்தவர் இனத்தைச் சேர்ந்தவர், இடிபட்டவர் இனத்தவளின் குடத்திலிருந்து. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப்பற்றி வெளியிட்ட அறிக்கையில், அவற்றிலுள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று படிப்பித்தது. அதைப் பாடமாக்கியவர்கள் பலர். தண்ணீர் கேட்டவர்கள் குறைவு.

பங்கிட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத்தார் அப்படிச் சொல்லலாமா? நம் உறுதிகளில் "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று எழுதியிருக்கிறதே! நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு, முறைவைத்து இறைப்பு. சண்டை வரும், சமாதானமும் வரும், கிணற்றை மட்டும் ஒருவரும் தூர்ப்பதில்லை. எருசலேமில் ஆண்டவரின் கல்லறைக் கோவிலைக் கத்தோலிக்கர், கிரேக்கர், ஆர்மேனியர், கொப்தர், சீரியர், எத்தியோப்பியர் என ஆறு சபையார் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எவருக்கு எந்த விளக்கு, எந்த மணி நேரம் என்பதெல்லாம் துருக்கி சுல்தான் காலத்து ஏற்பாட்டின்படி நடக்கிறது. அங்கும் துறவிகள் கைகலந்த வெட்கக்கேடுகள் உண்டு. கதவின் திறப்போ பல நூற்றாண்டாக முஸ்லிம் குடும்பத்தார் கையில்! நயினாதீவுக் கதையில் வந்த வணிகனைப்போல, வழக்கில் சேராத மூன்றாமவன்.

நம் நாட்டில் அந்த மூன்றாமவன் இடம் நமக்குக் கிடைக்கக் கூடும். சிங்களவரிலும் தமிழரிலும் பிள்ளைகளைக் கொண்ட திருச்சபை வேறு எங்கே இருக்கிறது? தையிட்டிக் காணிக்காரனின் நியாயத்தைத் தெற்கிலுள்ள கத்தோலிக்கருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லவும், நயினாதீவு விகாரைக்கு வருகிறவளின் பக்தியை இங்கே தமிழில் எடுத்துச் சொல்லவும் நமக்கு ஆட்கள் உண்டு. ஆனால் மாந்தைச் சந்தியில் வளைவைப் பிடுங்கிய கையோடு போய் நடுவர் வேலை கேட்டால் யார் தருவார்கள்?

இந்த வாரம் செபமாலைக்குப் பின் ஆதியாகமம் 26 ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஈசாக்கு ஒரு கிணறு தோண்டுகிறான், கெராரின் இடையர் தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். இன்னொன்று தோண்டுகிறான், அதற்கும் வழக்கு. மூன்றாவதற்கு ஒருவரும் வழக்காடவில்லை, அதற்கு ரெகோபோத் என்று பேரிட்டான். வழக்கமாக நாம் 22 ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவோம். 33 வரை வாசியுங்கள். ஈசாக்கைத் துரத்திய அபிமெலேக்கு தானே அவனைத் தேடி வருகிறான். பகைத்து அனுப்பிவிட்டு ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு முகத்துக்கு நேரே கேட்கிறான், கேட்டபின் விருந்து வைக்கிறான். விடியற்காலையில் இருவரும் ஆணையிட்டுப் பிரிகிறார்கள். அன்றைக்கே வேலைக்காரர் ஓடிவந்து, தோண்டிய புதுக் கிணற்றில் தண்ணீர் கண்டோம் என்கிறார்கள்.